75 நாள் கன்னிக் குட்டி: வேட்டைக்குப் பழக்குவதை எங்கே தொடங்குவது?

கேள்வி: மானூர் கரிசல்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மானூருக்குக் கிழக்கே, கங்கைகொண்டான் போகும் வழியில் இருக்கிறது. மானாவாரிக் கரிசல் நிலமும் நாற்பது ஆடுகளும் வைத்திருக்கிறோம். போன வாரம் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கன்னி என்ற நாட்டு வேட்டை நாய் இனத்தில் ஒரு கடுவன் (ஆண்) குட்டியைக் கொண்டுவந்தேன். கறுப்பு உடம்பு, புருவத்தின் மேல் இரண்டு பொட்டு, கால்களில் செம்பழுப்பு நிறம். இன்றோடு அதற்கு 75 நாள் ஆகிறது. என் தாத்தா இரண்டு கன்னி நாய்களை வளர்த்தவர். அவை முயலை விரட்டிய கதைகளைக் கேட்டே வளர்ந்தவன் என்பதால், இக்குட்டியையும் குறையில்லாத வேட்டை நாயாக ஆளாக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஊரில் பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான்காம் மாதத்திலேயே மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிட வேண்டும் என்கிறார் ஒருவர். அரை வயிறு போட்டால்தான் வேகம் வரும் என்கிறார் இன்னொருவர். உயிருள்ள முயலைக் காட்டி வெறி ஏற்ற வேண்டும் என்றும், காதை வெட்டிவிட்டால் கேள்விப்புலன் கூர்மையாகும் என்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேட்டைக்குப் போகாத கன்னி இரண்டு தலைமுறையில் சாதாரண நாயாகிவிடும் என்று என் மாமா உறுதியாகச் சொல்கிறார். இவற்றில் எது சரி, எப்போது தொடங்குவது, என்ன உணவு கொடுப்பது, ஆடுகளோடு அதை எப்படிச் சேர்ப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய நாய்க்காரன், சங்கரன்கோவில்

தம்பி, குட்டிக்கு நல்வாழ்த்துகள். கன்னியும் சிப்பிப்பாறையுமாகப் பதினோரு நாய்களை வளர்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சட்டத்தைப் பேசிவிடுவோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் பொருளில் கொல்லுவது மட்டும் அடங்கவில்லை. நாயை விட்டுத் துரத்துவது, பொறி வைப்பது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே அதில் வேட்டைதான். நம் கரிசலில் ஓடும் காட்டு முயலும் அச்சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. முயல் தப்பி ஓடிவிட்டது, நாய் சும்மாதான் துரத்தியது என்று சொல்லித் தப்ப முடியாது. அதிலும் நீங்கள் இருக்கும் இடம் கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயத்துக்குப் பக்கம். 2013-இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயத்துக்குச் சுற்றிலும் வயலும் நாற்கர நெடுஞ்சாலையும்தான் இருக்கின்றன. கோடையில் மான்கள் தண்ணீர் தேடி வெளியே வரும்போது நாய்களிடம் சிக்குவது நம் பகுதியில் பலரும் கண்ட காட்சி. உங்கள் கன்னி ஒரு மானைத் துரத்தினால் மானும் போகும், நாயும் போகும், நீங்களும் வழக்கில் நிற்பீர்கள். கிழக்கே வல்லநாட்டு வெளிமான் சரணாலயத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இளவயதில் நானும் முயலுக்குப் போனவன்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இப்போது இல்லை. நான் போவதை நிறுத்தியதற்குச் சட்டத்துக்கும் முந்திய காரணம் ஒன்று உண்டு. ஒரு மார்கழி விடியலில் என் சிப்பிப்பாறைப் பெட்டை முயலை விரட்டிக்கொண்டு போய், கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு பாழுங்கிணற்றில் விழுந்தது. ஓடும்போது அதன் கண்ணுக்கு முயல் மட்டும்தான் தெரிந்தது. நான் பெயர் சொல்லிக் கத்தியது அதன் காதில் ஏறவே இல்லை. வேகமும் வெறியும் அதற்குப் பிறவியிலேயே இருந்தன. நான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியது திரும்பி வருவதை. அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆகவே பழக்கத்தை அங்கே தொடங்குங்கள். மோப்பத்தால் ஓடும் நாய் மூக்கைத் தரையில் வைத்துத் தேடிப் போகும், இடையில் நிற்கும், யோசிக்கும். கன்னி கண்ணால் ஓடும் நாய். அசையும் பொருள் கண்ணில் பட்ட நொடியே கால் கிளம்பிவிடும். துரத்துவதை இந்த இனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பறக்கும் பனையோலையைக் கண்டால் எழுபது நாள் குட்டியும் துரத்தும். கூப்பிட்ட குரலுக்குப் பாதி ஓட்டத்தில் திரும்புவதுதான் அதற்கு இயல்பாக வராதது. அதற்குத்தான் ஆசிரியர் வேண்டும்.

நான் செய்யும் முறை இது. இரண்டெழுத்தில் ஒரு பெயர் வைத்து, சோற்றுத் தட்டை வைக்கும் முன் ஒவ்வொரு வேளையும் பெயரைச் சொல்லி ஒரே மாதிரி விசில் அடிப்பேன். வீட்டில் எல்லோரும் அதே விசிலைத்தான் அடிக்க வேண்டும். பத்து நாளில் விசில் என்றால் சோறு என்று குட்டியின் மனத்தில் பதிந்துவிடும். பிறகு ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் களத்தின் மறுகோடிக்கு ஓடிப்போய் விசில் அடிக்க வேண்டும். குட்டி பாய்ந்து வந்ததும் ஒரு துண்டு அவித்த ஈரலும் நெஞ்சோடு அணைத்த தடவலும் கிடைக்க வேண்டும். மூன்றாம் மாதத்திலிருந்து முப்பதடிப் பருத்திக் கயிற்றைக் கழுத்துவாரில் கட்டித் தரையில் இழுபடவிட்டு வயலில் நடங்கள். நைலான் கயிறு வேண்டாம், கையையும் நாயின் காலையும் அறுத்துவிடும். கூப்பிட்டு வரவில்லை என்றால் கயிற்றை மெல்ல மிதித்து நிறுத்தி, அருகே போய் மறுபடி கூப்பிடுங்கள். எக்காரணம் கொண்டும், தாமதமாக வந்த குட்டியை அடிக்காதீர்கள். ஓடிப்போனதற்காக அடித்தோம் என்று நாம் நினைப்போம், திரும்பி வந்ததற்காக அடி வாங்கினோம் என்று அது நினைத்துக்கொள்ளும். கன்னிக்கு ரோசம் அதிகம். ஒரு முறை கைநீட்டியவரிடம் மாதக்கணக்கில் ஒட்டாது. எப்படியும் ஒரு வயது நிறையும்வரை கயிறில்லாமல் திறந்த வெளியில் விடவே கூடாது.

ஓட்ட ஆசைக்கு வழி இருக்கிறது. ஒரு நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் பதப்படுத்திய ஆட்டுத்தோல் துண்டையோ பழைய துணியையோ முடிந்து, தரையோடு தரையாக இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். குட்டிக்கு மூன்று நிமிடம் போதும். கடைசியில் ஒவ்வொரு முறையும் பிடிக்கவிட வேண்டும். பிடிக்கவே முடியாத இரையைத் துரத்தும் குட்டி மனம் சோர்ந்துவிடும். விளையாட்டின் நடுவே விசில் அடித்து, தோலை விட்டுவிட்டு வந்தால் ஈரல் கொடுத்து, மறுபடி தோலை ஓடவிடுங்கள். கூப்பிட்டு வந்தால் ஆட்டம் முடியாது, இன்னும் கிடைக்கும் என்று அதற்குப் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். 2020-ஆம் ஆண்டில் கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. காவலுக்கும் ஓட்டத்துக்கும் கண்காட்சிக்கும் என்று நல்ல கடுவனையும் நல்ல பெட்டையையும் தேர்ந்து சேர்க்கிற வரை இனம் தாழாது. வேட்டைக்குப் போகாததால் கெட்ட கன்னியை நான் கண்டதில்லை. கண்ட நாயோடு சேரவிட்டு, அந்தக் குட்டிகளையும் கன்னி என்று சொல்லி விற்றதால் கெட்ட வம்சங்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

பதில்: கால்நடை மருத்துவர், பாளையங்கோட்டை

பெரியவர் பழக்கத்தைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். நான் உடம்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிடும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். நீண்ட கால் கொண்ட இந்த இனங்களில் எலும்பு வளரும் குருத்துப் பகுதிகள் இறுகி மூடுவதற்கு ஒரு வயதும் அதற்கு மேலும் ஆகலாம். அதற்கு முன் கட்டாய ஓட்டமும், கடினத் தரையில் திடீர்த் திருப்பங்களும், உயரத்திலிருந்து குதிப்பதும் மூட்டையும் எலும்பையும் நிரந்தரமாகக் கெடுத்துவிடும். குட்டி தானாக ஓடி, தானாகக் களைத்துப் படுத்துக்கொள்வதில் தவறில்லை. அதை நாம் ஓட வைப்பதுதான் தவறு.

பட்டினி போடுவதால் வேகம் வராது, வளர்ச்சிதான் குன்றும். இந்த வயதில் நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள். நான்கு மாதத்துக்கு மேல் மூன்று வேளையும், ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளையும் போதும். கம்பங்கூழும் சோளச்சோறும் நம் நாய்கள் தலைமுறையாகத் தின்று வளர்ந்தவைதான், ஆனால் தானியம் மட்டும் வளரும் குட்டிக்குப் போதாது. அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கறி, ஈரல் சிறிதளவு, தயிர் அல்லது மோர் ஆகியவற்றைக் கலந்து கொடுக்க வேண்டும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் கொடுக்கவே கூடாது. சுண்ணாம்புச் சத்து மருந்தைக் கடையில் கேட்டு வாங்கி அளவில்லாமல் ஊற்றுகிறார்கள், அதிகமானால் அதுவும் எலும்பைக் கோணலாக்கும். கன்னிக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவது இயல்பு. மெலிந்துவிட்டது என்று பயந்து கொழுக்க வைக்காதீர்கள். மார்பு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஓடுவதற்கு முன்னும் ஓடிவந்த உடனும் வயிறு நிறையச் சோறு வைக்காதீர்கள்.

75 நாள் என்றால் முதல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம்வரை போட்டு முடிக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு கிருமிகளும் கிராமத்துக் குட்டிகளைக் கூட்டமாகக் கொல்பவை. மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் மறு ஊசி. குடற்புழு மருந்தை மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறையும் கொடுங்கள். ஆட்டுக்கிடை இருக்கும் இடத்தில் உண்ணி நிச்சயம் இருக்கும். காதின் உட்புறத்தையும் விரல் இடுக்குகளையும் நாள்தோறும் பாருங்கள். தீனி தள்ளி, காய்ச்சலோடு ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடமோ, இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு செல்லுங்கள்.

வெயிலைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்நாய்கள் விழும்வரை ஓடக்கூடியவை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். பங்குனிக்கு மேல் நம் கரிசலில் காலை ஒன்பது மணிக்கு ஓடவிட்ட நாய்க்குச் சில நிமிடங்களில் அது 41-ஐத் தாண்டிவிடலாம். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வடிந்து, பின்னங்கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுவதும், குறிப்பாக அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும், தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். குளிரவைக்கத் தொடங்கிய பிறகு வண்டியைத் தேடுங்கள், வண்டிக்காகக் காத்திருந்து குளிரவைப்பதைத் தாமதிக்காதீர்கள். சூரியன் ஏறுமுன் பயிற்சியை முடித்துவிடுவது நல்லது.

காது வெட்டுவதால் கேட்கும் திறன் கூடாது. வலியும் புண்ணும் சீழும்தான் மிச்சம். இன்னொரு செய்தியையும் மனத்தில் வையுங்கள். கொழுப்பில்லாத ஓட்ட நாய்கள் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய மிக நேரம் எடுத்துக்கொள்ளும். எந்த அறுவைக்கும் முன்னால், இது ஓட்ட நாய் இனம் என்று மருத்துவரிடம் நீங்களே நினைவூட்டுங்கள்.

பதில்: கிடைக்காரி, தேவர்குளம்

தம்பி, நாற்பது ஆடு வைத்திருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். நாய் ஆட்டைக் கடிக்கப் பழகினால் அதற்குப் பிறகு மாற்றுவது மிகக் கடினம். இதே 75 நாளில்தான் குட்டிக்கு ஆட்டைக் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு உள்ளே பார்த்துப் பழகியவற்றை அது தன் குடும்பமாக ஏற்றுக்கொள்ளும். நான்கைந்து மாதம் கழித்துக் கொண்டுபோனால் ஆட்டுக்குட்டியின் துள்ளல் அதன் கண்ணுக்கு முயலின் துள்ளலாகத் தெரியும்.

காலையில் கிடை திறக்கும் முன், குட்டியைக் கையில் பிடித்த கயிற்றோடு பட்டிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். குட்டி போட்ட மூத்த பெட்டையாடு ஒன்று பட்டியில் இருந்தால் அதுவே நல்ல வாத்தியார். முட்டிவிடுமோ என்று பயந்து தூக்கிவிடாமல், அடிபடாத அளவுக்குக் காவலாக நின்று, ஆட்டுக்கு மரியாதை கொடுக்க அதைக் கற்றுக்கொள்ளவிடுங்கள். ஆடு அசைபோடும்போது குட்டி அமைதியாகப் படுத்திருந்தால் தடவிக் கொடுங்கள். குத்துக்காலிட்டு முறைத்துப் பார்த்தால் உடனே பெயர் சொல்லி முகத்தைத் திருப்புங்கள். ஓட்டம் தொடங்கும் முன் அந்த முறைப்பிலேயே தடுத்துவிட வேண்டும். கால் கிளம்பிய பிறகு கூப்பிடுவது காற்றில் கூப்பிடுவதுதான். எங்கள் கிடையில் ஒரு நாய் இரண்டு வயதுவரை ஒழுங்காக இருந்தது. தெருநாய்கள் மூன்றோடு சேர்ந்து ஒரே ஓர் இரவு சுற்றிவிட்டு வந்தபிறகு மூன்று குட்டிகளைக் குதறிவிட்டது. வளர்த்த கையாலேயே அதை ஆடில்லாத வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் என்னைக் கண்டு வாலாட்டுகிறது. இரவில் கட்டிப்போட வேண்டும், இல்லையென்றால் உயரமான வேலிக்குள் விட வேண்டும். இதில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள்.

தரையில் கிடப்பதை எடுத்துத் தின்னாமல் இருக்கவும் இப்போதே பழக்குங்கள். காட்டுப்பன்றிக்காகச் சிலர் வைக்கும் அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடியை, கடித்து வாய் சிதறிய நாயை நான் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் ஒரு தீனியை மூடிவைத்து, குட்டி முகர்வதை விட்டு உங்கள் முகத்தைப் பார்த்ததும் மறுகையிலிருந்து வேறொன்றைக் கொடுங்கள். பிறகு தரையில் வைத்து அதையே செய்யுங்கள். என் நாய்கள் கீழே கிடக்கும் கறித்துண்டைக் கண்டால் இன்றும் என் முகத்தைத்தான் பார்க்கும்.

பதில்: நாங்குநேரி வாசகன்

என்னிடம் இருப்பது இராசபாளையம். முழு வெள்ளை, பிறவிச் செவிடு. வெள்ளை இனங்களில் இது அடிக்கடி நேர்வது என்று பிறகுதான் தெரிந்தது. விசில் பயன்படாததால் கைச்சாடையில் பழக்கினேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினால் வர வேண்டும், ஒரு கையைத் தாழ்த்தினால் படுக்க வேண்டும். காது கேட்கும் நாய்க்கும் இதைக் கற்றுக்கொடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் நம் வெட்டவெளியில் விசில் சத்தம் ஐம்பது அடி தாண்டாது. ஆனால் கண்ணால் வாழும் இந்த நாய்கள் இரண்டு வயலுக்கு அப்பால் உயர்த்திய கையைக் கண்டுகொள்ளும். செவிட்டு நாயைத் தொட்டு எழுப்பும்போது திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும் என்பதால், தரையைக் காலால் தட்டி அதிர்வு கொடுத்து எழுப்புவது எங்கள் வீட்டு வழக்கம்.

கேள்வி கேட்டவர்: மானூர் கரிசல்

அண்ணாச்சிக்கும் மருத்துவருக்கும் அக்காவுக்கும் நாங்குநேரி நண்பருக்கும் மிக்க நன்றி. மாமாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கிணற்றுச் செய்தியைக் கேட்டபின் அவர் வெகுநேரம் பேசவில்லை. ஒரே ஒரு ஐயம் மீதம் இருக்கிறது. எங்கள் நிலக்கடலையில் காட்டுப்பன்றியும் மயிலும் இறங்குகின்றன. நாய் வளர்ந்தபின் காவலுக்கு அதை வயலில் விடலாமா?

பதில்: பழைய நாய்க்காரன், சங்கரன்கோவில்

பன்றிமேல் விடாதீர்கள் தம்பி. கன்னியின் தோல் மெல்லியது, பன்றியின் கோரைப்பல் ஒரு வீச்சில் வயிற்றைத் திறந்துவிடும். பன்றிக்கு எதிரே நிற்க கோம்பை நாயைச் சொல்வார்கள், அதுவும் பிழைத்து வருவது அதன் அதிர்ஷ்டம். பன்றியைக் கொல்லும் அதிகாரம் வனத்துறைக்கு மட்டும் உரியது. சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இழப்பீடு கேளுங்கள். மயில் நம் தேசியப் பறவை, அதன்மேல் நாயின் பல் பட்டாலே குற்றம். நாயை வயலின் வேலிக்குள், நீங்கள் படுக்கும் பரணுக்குக் கீழே நீண்ட கயிற்றில் கட்டி வையுங்கள். இரவில் அது குரைக்கும் குரலும் உங்கள் டார்ச் விளக்கும் சேர்ந்தால் பெரும்பாலான இரவுகள் சமாளிக்கலாம். அதன் வேலை குரைப்பது, உங்கள் வேலை எழுந்து பார்ப்பது. கண்ணாடி விரியன் இருக்கும் காடு என்பதால் பரணைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வையுங்கள். நாயின் முகமோ காலோ திடீரென்று வீங்கினால் பச்சிலை தேடி நேரத்தைப் போக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி கேட்டவர்: மானூர் கரிசல்

அப்படியே செய்கிறேன் அண்ணாச்சி. குட்டிக்கு மணி என்று பெயர் வைத்திருக்கிறோம். மூன்று நாளாகச் சோற்றுக்கு முன் விசில் அடிக்கிறோம், இன்று மாலை களத்தின் மறுகோடியிலிருந்து காது பறக்க ஓடிவந்து என் முழங்காலில் மோதி நின்றது. மேற்குப் புன்செயில் இருக்கும் பாழுங்கிணற்றைச் சுற்றி அடைக்க மாமா இன்று உடைமுள் வெட்டிப் போட்டிருக்கிறார். வருகிற திங்களன்று தடுப்பூசிக்குக் கொண்டு போகிறோம்.